பினாங்கு, 1846

1846 ஜூலை 8. பினாங்கில் வீடு கட்டும் தொழில் செய்த சுனான் என்ற மலாய்க்காரர் ஆயுதத்தோடு கிளம்பி, எதிர்ப்பட்டவர்களைத் தாக்கினார். ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர். இறந்தவர்களில் முதிய இந்துப் பெண்ணும், சீனச் சிறுவனும், தகப்பன் கையிலிருந்த மூன்று வயதுத் தென்னிந்தியப் பெண் குழந்தையும் உண்டு. பினாங்குத் தமிழனான எனக்கு, இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் குழந்தையைக் கடந்து அடுத்த வரிக்குப் போக மனம் வருவதில்லை.

சுனான் அண்மையில்தான் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்திருந்தார். துக்கத்தில் ஆளே உருமாறிப் போயிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. நீதிபதி வில்லியம் நோரிஸ் இரங்கவில்லை. ஒரே வாரத்தில், ஜூலை 15 அன்று, மரண தண்டனை விதித்தார். உடலை உறவினரிடம் தராமல், அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் ஒப்படைக்கவும் உத்தரவிட்டார்.

சுனானுக்கு நேர்ந்ததைப் போன்ற நிலையை அமோக் என்றார்கள்: இழப்பு, அவமானம், பேசாமல் குமையும் நாட்கள், பிறகு திடீர்க் கொலைவெறி. பிடிபட்டுப் பிழைத்தவர்கள் பலர் எதுவும் நினைவில்லை என்றார்கள். இப்படி வெறிகொண்டு கிளம்புபவர்களை எட்ட நிறுத்திப் பிடிக்கக் காவல்துறையினர் நீண்ட கவைக்கோல்கள் வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் மருத்துவர் ஆக்ஸ்லி 1849இல் இதன் பின்னால் நோயும் இருக்கலாம் என்று எழுதினார். சிங்கப்பூர் மனநோய் விடுதியின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1893இல் இதை மருத்துவ இதழில் ஆராய்ந்தார்.

காலனி அதிகாரிகள் பலர் இதை மலாய் இனத்தின் குணமாகவே பார்த்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. துக்கம் எந்த இனத்துக்கும் தனிச்சொத்து அல்ல. கொல்லப்பட்டவர்களுக்காக அழுகிறேன், சுனானின் துக்கத்தை யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும் என்றும் சொல்வேன்.