கைவிட்டுப் போன கார்கள்

ராஜ்கோட் சமஸ்தானத்தின் தாகூர் சாஹிப் தர்மேந்திரசிம்ஹ்ஜிக்காக 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் தயாரானது. மாடல் ஃபாண்டம் 2 கான்டினென்டல். மேல்கூண்டு கட்டியவர்கள் திரப் அண்டு மேபர்லி. பளபளக்கும் அலுமினியமும் காவி நிறமும் கலந்த அந்தக் காருக்கு 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்று பெயர். 1968-இல் அது விலைபோய் நாட்டைவிட்டே வெளியேறியது. நாற்பது வருஷங்களுக்கு மேல் கடந்தபின், அதே ராஜ குடும்பத்தார் அதை வெளிநாட்டிலிருந்து மறுபடி விலைக்கு வாங்கி ராஜ்கோட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தாத்தா ஆசையாக வாங்கியதைப் பேரன் தலைமுறை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தது.

இப்படித் திரும்பி வந்தது அபூர்வம். போனவைதான் அதிகம். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் இணைந்ததும் அரண்மனைகளின் வரும்படி சுருங்கிவிட்டது. 1971-இல் இருபத்தாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து ராஜ மானியமும் நின்றது. லாயத்தில் வரிசையாக நின்ற பெரிய பெரிய கார்களுக்குப் பெட்ரோல் போடவும் மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுக்கவும் யாரால் முடியும்? இந்தியச் சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. அகலமான கார், சின்ன ரோடு, கிடைக்காத டயர். மேல்நாட்டு ரசிகர்கள் வந்து கேட்டபோது, 'எடுத்துக்கொண்டு போனால் சரி, இடமாவது காலியாகும்' என்கிற மனோபாவம்தான் பலருக்கு இருந்தது. 1972-இல் பழங்கார்களை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. வெள்ளம் வடிந்த பிறகு அணை போட்ட கதைதான்.

போனவற்றில் விசித்திரமான ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1910 வாக்கில் கல்கத்தாவில் மேத்யூசன் என்ற வெள்ளைக்காரர், அன்னப்பறவை உருவத்தில் ஒரு கார் வேண்டும் என்று இங்கிலாந்தின் புரூக் கம்பெனியில் சொல்லிச் செய்வித்தார். முன்பக்கம் கழுத்தும் அலகுமாக நிஜ அன்னம் மாதிரியே இருக்கும். கூட்டத்தை விலக்க அலகு வழியாக ஆவி சீறும். போதாததற்கு, பின்னாலிருந்து சுண்ணாம்பு நீரை ரோட்டில் விடவும் ஏற்பாடு. பறவை என்றால் எச்சமும் வேண்டுமே! முதல் நாள் ஊர்வலத்திலேயே தெரு அமளிப்பட்டுப் போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. பிற்பாடு அதை நாபா மகாராஜா வாங்கினார். இன்று அந்த அன்னத்தைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்கோ பஞ்சாபுக்கோ போய்ப் பிரயோஜனமில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் லௌமன் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

விற்காமல் விட்டதால் தப்பியதும் உண்டு. ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கானுக்காக ஆர்டர் செய்யப்பட்ட மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், அவர் 1911-இல் காலமான பிறகுதான் ஹைதராபாத் வந்து சேர்ந்தது. அதிகம் ஓடாமலேயே கிடந்தது. யாரும் விற்கவும் முனையவில்லை. பழுது பார்க்கப்பட்டு, சௌமஹல்லா அரண்மனைக்குப் போகிறவர்கள் பார்க்கும்படி வைக்கப்பட்டது.

ராஜாக்களுக்குப் பத்துக் காரில் ஒன்று போனால் ஒன்பது. நம் போன்றவர்கள் விஷயம் அப்படியல்ல. ஒன்றே ஒன்றுதான், அதுவும் தவமிருந்து கிடைத்தது.

அந்தத் தவத்துக்குக் காரணம் 1950-களின் கொள்கை. 1953-இல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் வெளிநாட்டு உதிரி பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்கிற கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று சிபாரிசு செய்தது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. ஃபோர்டும் கிளம்பியது. கார் வேண்டுபவர்களுக்கு மிஞ்சியவை மூன்று ஊர்கள்: அம்பாஸடருக்குக் கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா, ஃபியட்டுக்குப் பம்பாய் குர்லா, ஸ்டாண்டர்டுக்கு சென்னையை ஒட்டிய வண்டலூர். 1970-களில் இந்த மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார்கூடத் தயாரிக்கவில்லை.

பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலும் ஃபியட்டுக்கான க்யூ பிரசித்தம். 1959-இல் வந்த கார் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, புதுக்கார் வாங்கியவர் இரண்டு வருஷத்துக்கு அனுமதியில்லாமல் அதை விற்கக் கூடாது. ஏன் இப்படி ஒரு விதி? ஷோரூம் விலையைவிடப் பழைய கார் விலை அதிகம் என்பதால்தான். உலகத்தில் வேறெங்கும் கார் வாசலை விட்டு இறங்கியதும் விலை குறையும், இங்கே ஏறிற்று. இரண்டு வருஷம் எப்போது முடியும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, லாபத்துக்கு விற்றவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு மறுபடி கார் வாங்க இன்னொரு பத்து வருஷம் ஆயிற்று.

வாங்கத் தவறியவர்கள் கதை இன்னும் பரிதாபம். மத்திய சர்க்கார், ரயில்வே, பாங்க் என்று உத்தியோகம் பார்த்தவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். பம்பாயில் பதிவு செய்துவிட்டு, கல்கத்தா போய், அங்கிருந்து டெல்லி வந்து சேர்வதற்குள் அலாட்மெண்ட் கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். கடிதம் சரியாக வந்து சேர்ந்தாலோ, அந்த மாசம் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். காரா கல்யாணமா என்று கேட்டால் எந்தத் தகப்பனாரும் காரைச் சொல்ல மாட்டார்.

எதைப் பறிகொடுத்தது அதிகம் வலிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஃபியட்டையும் அம்பாஸடரையும் சொல்ல மாட்டேன், ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்வேன். பம்பாய்க்காரர்கள் சண்டைக்கு வரட்டும். பன்றிக்குட்டி மாதிரி உருண்டையாக இருந்ததால் அவர்கள் 'டுக்கர் ஃபியட்' என்று செல்லமாக அழைத்த பழைய ஃபியட் 1100-இன் அழகு எனக்கும் தெரியும். ஆனால் ஃபியட் லட்சக்கணக்கில் ஓடிற்று. இப்போதும் தேடினால் கிடைக்கும். ஹெரால்டு அப்படியல்ல.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1948-இல் சென்னையில் தொடங்கியது. வான்கார்டு, எட்டு, பத்து என்று வரிசையாக வந்தபின் 1961-இல் ஹெரால்டு வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிகெலொட்டி. முன்பக்கத்து மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுதும் கண்முன்னே இருக்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஸ்டியரிங்கை ஒடித்தால் இருபத்தைந்தடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியிலோ மாட்டுங்காவின் சந்துகளிலோ இதன் அருமை ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அதில் பின்சக்கர ஏற்பாடு மட்டும் கொஞ்சம் வில்லங்கம். வேகமாக வளைவில் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும்.

பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று இரண்டு கதவோடுதான் அது விற்றது. இங்கேயோ மாமனார், மாமியார், குழந்தைகள் எல்லோரும் ஏற வேண்டுமே. முன்ஸீட்டை மடக்கிவிட்டு ஒன்பது கஜம் கட்டியவர்கள் பின்னால் ஏறுவது நடக்கிற காரியமா? 1968-இல் சென்னைக்காரர்களே நான்கு கதவு வைத்து மார்க் 3 ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஹெரால்டு அது. 1972-இல் அதையே மாற்றி, தொந்தரவு செய்த பின்சக்கர ஏற்பாட்டையும் எடுத்துவிட்டு, 'கஸெல்' என்று விட்டார்கள். 1977-இல் கஸெலும் நின்றது.

அதோடு சென்னையின் கார் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1985-இல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 உருவத்தை வாங்கிவந்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று பிரம்மாண்டமாக ஒரு கார் விட்டார்கள். வெளித்தோற்றம் புதுசு, உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1988-இல் தொழிற்சாலையே நின்றுபோயிற்று. கம்பெனி போனதும் வீட்டு வாசலில் நின்ற ஹெரால்டுகள் அநாதையாயின.

"ஏன் மாமா வித்தேள்?" என்று கேட்டால், "பின்னே, ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு நான் யார் யார் கடையெல்லாம் ஏறி இறங்கறது?" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று அந்தந்த ஊர் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன அந்தக் கார்கள். வாங்கினவர்கள் இரும்பை எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஹெரால்டு வைத்திருக்கிற ஒருவருக்கு எஞ்சின் சாமான்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வரவழைக்கக் கிடைக்கும். அங்கே ரசிகர்களுக்காகவே தயாரிக்கிறார்கள். ஆனால் மார்க் 3-இன் பின்கதவு நசுங்கினால் லண்டனில் எங்கே தேடுவது? அங்கே அப்படி ஒரு கதவு இருந்ததே இல்லையே. எடைக்குப் போட்ட ஒவ்வொரு நாலு கதவு ஹெரால்டோடும் இரண்டு பின்கதவுகள் போயின.

ஹெரால்டைப் பின்னுக்குத் தள்ளியது கம்பெனி மூடியது என்றால், ஃபியட்டையும் அம்பாஸடரையும் தள்ளியது மாருதி. 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருக்குப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். சாவியைத் திருகினதும் ஸ்டார்ட் ஆகிற கார்! சோக்கை இழுத்து, காலை வேளையில் பிள்ளைகளை விட்டுத் தள்ளச் சொல்லி அலுத்துப்போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? முன்பு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். காருக்காகத் தவமிருந்தது தட்டுப்பாட்டால், தள்ளிவிட்டது தாராளத்தால். இரண்டு சமயத்திலும் காரின் குணத்தை யாரும் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

ஹர்பால் சிங் மட்டும் அந்த மாருதியை விற்கவில்லை. 2010-இல் காலமாகும்வரை வைத்திருந்தார். அதற்குப் பிறகு அது வீட்டு வெளியே துருப்பிடித்து நின்ற படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பின்னர் மாருதி கம்பெனியே அதைச் சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்தது.

அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது; மாருதி 800-உம் அதே வருஷம் ஜனவரியில் நின்றிருந்தது. மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி, 20 வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ரோட்டை விட்டு இறங்கியது. டெல்லி அங்கத்தினர்களுக்கு வந்த நெருக்கடி வேறு. பத்து வருஷ டீஸல் காரும் பதினைந்து வருஷ பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்களை வெளிமாநிலங்களுக்கு அனுப்பினார்கள், அல்லது எடைக்குப் போட்டார்கள். மற்ற ஊர்களில் பதினைந்து வருஷத்துக்குப் பின் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது.

இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசே புது விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம்; கறிகாய் வாங்கப் போகக் கூடாது. ஆக, பதினைந்து வயதில் வேண்டாத சாமான், ஐம்பது வயதில் பொக்கிஷம். நடுவிலுள்ள முப்பத்தைந்து வருஷத்தை அந்தக் கார் எந்த ஷெட்டில், யார் தயவில் கழிப்பது என்பதற்கு விதியில் ஒரு வரியும் இல்லை. வேலை மாற்றல், வாடகை வீடு, அபார்ட்மெண்டில் ஒரு காருக்கு மட்டும் இடம் என்று வாழ்ந்த குடும்பங்களின் கார்கள் அந்த நடுக்காலத்தில்தான் போயின.

யார் வீட்டு ஷெட்டிலாவது தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று மிஞ்சியிருந்தால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியவர் பெயரிலேயே இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1977-இல் பதிவான கடைசி கஸெல்களுக்கு 2027-இல் ஐம்பது பூர்த்தியாகிறது. முதல் மாருதிகளுக்கு அது 2033 டிசம்பரில்.