யாழ்ப்பாணத்தில் பாடநூல் வணிகம்: நாம் எங்கே நின்றோம்?

பாடநூலை எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கும். அச்சிட்டவர் பெயர் உள்ளே இருக்கும். அதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் வாங்க வைத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால், ஓர் ஊரின் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதில் இந்த மூன்றாம் ஆளுக்கும் பெரிய பங்கு உண்டு. கல்வி நூல் விற்பனையிலேயே பல வருஷம் உழைத்தவன் நான். யாழ்ப்பாணத்தின் பதிப்பு வரலாற்றை அந்தப் பக்கமாக நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1820 இல் அவர்கள் வரவழைத்த அச்சாளரை ஆங்கிலேய ஆளுநர் இங்கே தங்க விடவில்லை. பிறகு, நல்லூரில் சேர்ச் மிஷன் வைத்திருந்த அச்சகம் 1834 இல் அவர்கள் கைக்கு மாறி மானிப்பாயில் இயங்கியது. அதற்கு முன்பே கிராமப் பள்ளிகளும், 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கியாகிவிட்டது. விற்பனைக்காரன் கண்ணுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: புத்தகம் அச்சாகும் முன்பே வாசகர் வரிசையில் நிற்கிறார். செலவின் பெரும்பகுதியைக் கடல்கடந்த நன்கொடை தாங்கியதால் மலிவாகவும் இனாமாகவும் கொடுக்க முடிந்தது.

இந்த வழியை நன்றாக விளங்கிக்கொண்டவர் ஆறுமுக நாவலர். 1848 இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த வருஷமே அச்சியந்திரம் வாங்கச் சென்னை போனார். பாலபாடங்கள் வெளிவந்தன. பள்ளிக்கூடம் நடத்த வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்க்கப்பட்டது. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை. அவர் நூல்கள் கடலின் இரு கரையிலும் ஓடின. பள்ளிக்கூடம், அச்சகம், பாடநூல் மூன்றும் ஒரே கையில். மிஷனுக்கு வெளிநாட்டுப் பணம் இருந்தது என்றால், நாவலருக்கு ஊர்ச் சனத்தின் கைப்பிடி அரிசி இருந்தது.

1869 இல் அரசாங்கம் கல்வித் திணைக்களத்தை அமைத்தது. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து உதவிப்பணம் தரும் முறையும் அதையொட்டி வந்தது. பிள்ளை பரீட்சையில் தேறினால்தான் பள்ளிக்குப் பணம் என்றாகிவிட்டால், பரீட்சைக்கு உதவும் புத்தகத்துக்கு நிச்சயமான சந்தை உண்டு. இன்று வழிகாட்டி நூல்கள் ஓடுகிற ஓட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி எங்கட பக்கம் வருவோம். சோனகத் தெருவிலிருந்து வண்ணார்பண்ணை நடந்து போகும் தூரம். எங்கட ஆட்கள் வியாபாரத்துக்குப் பேர்போனவங்க. இரும்புக் கடை, தையல் கடை, லொறி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால், பிள்ளைகள் ஓதப் பள்ளிக்குப் பிறகு பெரும்பாலும் அடுத்தவர் பள்ளியில் அடுத்தவர் எழுதிய புத்தகத்தையே படித்தார்கள். 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் குர்ஆன் பள்ளியில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயம் போய், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வளர்ந்தவர். அது குறையல்ல, அந்தக் கல்விதான் அவரை சிவில் சேவைக்கும், பிறகு ஸாஹிராவின் அதிபர் ஆசனத்துக்கும் கொண்டுசென்றது. 1945 இல் அவர் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியதற்கு, படிக்க வழி தேடி நின்ற பிள்ளைகளை அவர் அறிந்திருந்ததும் காரணம் என்றே நினைக்கிறேன்.

கண்டியில் சித்திலெப்பை இதை முன்பே உணர்ந்திருந்தார். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை. பிறகு பள்ளிக்கூட முயற்சிகள், பிள்ளைகளுக்கான நூல்கள். நாவலரிடம் கண்ட அதே முக்கோணத்தை இவரிடமும் காணலாம்.

1980 முதல் அரசாங்கம் பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது. என் போன்றவர்களுக்கு மிஞ்சியது பயிற்சி நூலும், கடந்தகால வினாத்தாள் தொகுப்பும், புலமைப்பரிசில் வழிகாட்டியும்தான். தவணை தொடங்கும் முன்பே மாதிரிப் பிரதியோடு அதிபரைக் காண வேண்டும். கடைக்காரருக்குக் கழிவு, கடன், விற்காததைத் திருப்பி எடுத்தல். பாடத்திட்டம் மாறினால் களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் பழைய கடதாசி விலைக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார்: “தம்பி, புத்தகம் நல்லம். ரீச்சர் சொன்னால்தான் பிள்ளையள் வாங்குவினம்.” மானிப்பாய் அச்சகக் காலத்திலும் நிலைமை இதுதானே!

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வாப்பாவின் பள்ளிப் புத்தகங்கள் இருந்த பெட்டியை எங்கட வீட்டில் யாரும் நினைக்கவேயில்லை. பிள்ளைகளைத் தூக்கவே கை போதவில்லை. 2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகு விற்பனைக்காகப் போனபோது சோனகத் தெருவில் சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. புத்தளத்தில் பிறந்த எங்கட பிள்ளைகளுக்கு அந்தத் தெருவைச் சொல்லித்தர வீட்டுப் பேச்சைத் தவிர கையில் ஒன்றுமில்லை.

அந்த வெற்றிடத்தை அரசாங்கப் பாடநூல் நிரப்பும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வட மாகாண முஸ்லிம்களைப் பற்றி, பத்து வயதுப் பிள்ளை வாசிக்கக்கூடிய ஒரு துணைநூலை நாமே எழுதலாம். எழுதுவதற்கு ஆளுண்டு, அச்சிடக் காசும் சேரும். அதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோக முதலிலேயே ஆளையும் வழியையும் ஒழுங்கு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெளியீட்டு விழாவோடு கட்டுக் கட்டாகப் பள்ளிவாசல் அலுமாரியில் தூங்கும். உங்கள் வீட்டில் 1990க்கு முந்திய பாடநூலோ, கொப்பியோ, புத்தகக் கடைப் பற்றுச்சீட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அந்தத் துணைநூலின் முதல் ஆதாரம் அதுவாக இருக்கலாம்.