காசில்லாமல் பாரிஸ் வரை

உத்திரமேரூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காஞ்சிபுரம். அங்கே 1956ல் சர்வோதய மாநாடு நடந்தது. பூமிதானம் கேட்டு ஊர் ஊராக நடந்த வினோபா பாவே வந்திருந்தார்.

அவருடைய சீடர் சதீஷ் குமாரும் கேரளத்து நண்பர் இ.பி.மேனனும் 1962 ஜூன் 1 அன்று டெல்லி காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று சொல்ல மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை நடை! (கடல் மட்டும் கப்பலில்.)

வினோபா போட்ட நிபந்தனைதான் வேடிக்கை: கையில் காசு கூடாது. காசிருந்தால் ஓட்டலில் சாப்பிட்டு லாட்ஜில் தூங்கிவிடுவார்கள். காசில்லாதவன்தான் கதவைத் தட்டுவான், வீட்டுக்காரரோடு பேசுவான். யூரோவை எண்ணி எண்ணிச் செலவழித்து ஐரோப்பா சுற்றுகிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம். பாகிஸ்தான் எல்லையில் நண்பர் நீட்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட இருவரும் வாங்கவில்லை.

கருங்கடல் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் நாலு பொட்டலம் தேயிலை கொடுத்தார். நாலு அணு ஆயுத நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கொன்று. குண்டு போடத் தோன்றினால் முதலில் ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கட்டும் என்றாராம்.

பாரிஸில் கிடைத்தது ஜெயில். அமெரிக்கா போய்ச் சேர்வதற்குள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1964 ஜனவரியில் அவர் கல்லறை முன்னால் போய் நின்றார்கள்.