என் மகன் கேத்னஸ் போனான்!

போன வாரம் ராத்திரி ஆபீஸ்ல பில்டு ஓடி முடியுறதுக்குள்ள எதையோ தேடப்போய், நார்ன்கிற செத்துப்போன மொழியில போய் விழுந்தேன். மக்களுக்கும் சொல்லிடலாமேன்னுதான் இந்தப் பதிவு.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்துன்னு ரெண்டு தீவுக்கூட்டம். சுமார் 9-ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய நோர்ஸ் மொழிதான் அங்கே நார்ன் ஆனது. டென்மார்க்-நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியான், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தார். வரதட்சணைக்குக் கையில் காசில்லை. 1468-ல் ஆர்க்னியையும் 1469-ல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். கடைசிவரை மீட்கவே இல்லை!

நோர்ஸ் உறவுமுறை நமக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா 'ஃபாதிர்', அம்மா 'மோதிர்', சகோதரன் 'ப்ரோதிர்'. இதையே கோர்த்தால் அப்பாவின் சகோதரர் 'ஃபோதுர்ப்ரோதிர்', அம்மாவின் சகோதரர் 'மோதுர்ப்ரோதிர்'. அதாவது சித்தப்பா வேற, மாமா வேற. இங்கிலீஷ் 'அங்கிள்' மாதிரி எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டலை :-)

நார்னில் இந்தச் சொற்கள் தேய்ந்துபோயின. 1700-ல் அச்சான ஜேம்ஸ் வாலஸின் ஆர்க்னி நூலில் நார்ன் பரமண்டல ஜெபம் இருக்கு. அதில் அப்பா வெறும் 'ஃபா'. 1774-ல் ஃபூலா தீவில் ஜார்ஜ் லோ எழுதிக்கொண்ட அதே ஜெபத்திலும் அப்பாவுக்கு எஃப், ஒய்னு ரெண்டே எழுத்துதான்.

மகன் என்ற சொல் கிடைக்கிற இடம்தான் என்னை உலுக்கிடுச்சு. ஷெட்லாந்தில் ஒரு பழைய சொலவடை. கடல் தாண்டி ஸ்காட்லாந்தின் கேத்னஸுக்குப் போய்வந்த பையனைப் பற்றிப் பெத்தவங்க பூரிச்சுப் பேசுறாங்க. குதிரை, பார்லி, நெருப்பு, இடுக்கி எல்லாத்துக்கும் அவனுக்கு இப்போ ஸ்காட்ஸ் வார்த்தை தெரியுமாம்! 'சோனெ மின்', அதாவது 'என் மகன்'னு நார்னிலேயே பெருமைப்படுறாங்க.

அன்ஸ்ட் தீவின் வால்டர் சதர்லாந்து சுமார் 1850-ல் இறந்தார். நார்ன் பேசிய கடைசி ஆள் அவர்தான்னு சொல்றாங்க. 1893 முதல் 1895 வரை ஃபாரோ தீவுக்காரர் யாகோப் யாகோப்சென் ஷெட்லாந்தில் ஊர் ஊராகச் சுற்றிப் பத்தாயிரம் நார்ன் சொற்கள் வரை சேகரித்தார். சொற்கள் கிடைச்சுது. பேச ஆளில்லை.

மொழியை யாராவது அடிச்சுத்தான் கொல்லணும்னு நினைச்சிருந்தேன். கைதட்டியும் கொல்லலாம் போல. என் அக்கா பையன் போன்ல என்னை 'அங்கிள்'னு கூப்பிடுறான். இங்கிலீஷ் ரைம்ஸ் சொன்னா கைதட்டுறதும் நான்தான். இந்த ஞாயித்துக்கிழமை பேசும்போது சொல்லணும்: "டேய், நான் மாமாடா!"