ஒரு செங்குத்துக் கோடு பிறந்த கதை

மலையகத்தின் பழைய தேயிலை ஸ்டோர்கள் காரணத்தோடுதான் அத்தனை உயரமாகக் கட்டப்பட்டன. மேல்மாடிகளில் கொழுந்து வாடும். வாடியது தளத்தில் விட்ட வாய் வழியாகக் கீழே உருட்டும் இயந்திரத்தில் விழும். அங்கிருந்து சலிப்பு, நொதிப்பு, அடுப்பு, கடைசியாகத் தரம் பிரிப்பு. வாட்டும் தட்டுக்கு உருட்டத் தெரியாது, அடுப்புக்குத் தரம் பிரிக்கத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் ஒரு வேலையைச் செய்து அடுத்ததிடம் கொடுத்துவிடும். 1867இல் லூல்கந்தரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், ஆரம்பத்தில் தன் பங்களா வராந்தாவில் கையால்தான் கொழுந்தை உருட்டவைத்தார். வேலையைப் பிரித்து வரிசையாகக் கோத்த ஸ்டோர் பிறகு வந்தது.

லினக்ஸின் கறுப்புத் திரை முன்னால் முதன்முதலாக உட்காரும் ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகளுக்கு நான் இந்த வரிசையிலிருந்துதான் தொடங்குவேன். பெரும்பாலான விசைப்பலகைகளில் என்டர் விசையை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு இருக்கும்: | இப்படி. அதன் பெயர் பைப். ஒரு கட்டளை தந்ததை அடுத்த கட்டளையின் வாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கட்டளைவரியில் கற்க எத்தனையோ இருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த ஒரு குறி பிடிபட்ட பிறகு மற்றவை தாமாக வரும்.

கதை 1964இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த டக் மெக்கில்ராய், நிரல்களைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்த வழி வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். குறிப்பு கிடப்பில் கிடந்தது. 1969இல், மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து ஆய்வுக்கூடம் விலகிய பிறகு, கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு சிறிய பி.டி.பி.-7 கணினியில் தங்களுக்கென ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் யுனிக்ஸ்.

அவர்கள் முன்னால் திரை இல்லை. இருந்தது டெலிடைப் 33, தந்தியின் வழிவந்த தட்டச்சு எந்திரம். அடித்ததும் கணினி சொன்னதும் ஒரே காகிதச் சுருளில், நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில், பெருஞ்சத்தத்தோடு அச்சாகும். ஒரு வரி அச்சாகி முடிய ஏழெட்டு நொடி காத்திருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களைத் திகைக்கவைக்கும் இரண்டு பழக்கங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒன்று, பெயர்களின் குறுக்கம்: பட்டியலிட எல்.எஸ்., நகலெடுக்க சி.பி., நகர்த்த எம்.வி., அழிக்க ஆர்.எம். விரல் வலிக்க அடித்தவர்கள் இரண்டெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றது மௌனம். நகலெடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், தவறு நேர்ந்தால் மட்டும் வாய் திறக்கும். அந்த மௌனத்தைக் கோளாறு என்று நினைத்து ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கிற பிள்ளைகளிடம் இந்தக் காகிதச் சுருளைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும், பயம் தெளிந்துவிடும். லினக்ஸில் இன்றும் டி.டி.வொய். என்றொரு கட்டளை உண்டு. அது டெலிடைப்பின் பெயர்ச்சுருக்கம்.

மெக்கில்ராய் விடவில்லை. குழாய் வேண்டும், குழாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவரை ஒரு நிரல் தந்ததை இன்னொன்றுக்குக் கொடுக்க, நடுவில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைத் திறந்து படிக்கவைத்து, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டியிருந்தது. வட்டில் இடம் அரிதாக இருந்த காலம் அது. 1973இல் ஒரே இரவில் தாம்சன் யுனிக்ஸுக்குள் பைப்பைக் கொண்டுவந்தார். மறுநாள் கூடம் முழுவதும் ஆளாளுக்குக் கட்டளைகளைக் கோத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். ஆரம்பத்தில் அதற்குத் தனிக் குறி கிடையாது. கோப்பில் எழுதப் பயன்பட்ட அம்புக்குறியையே இதற்கும் வைத்திருந்தார்கள். அது குழப்பியதால் சில மாதங்களில் இந்தச் செங்குத்துக் கோடு அதன் இடத்துக்கு வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யுனிக்ஸைப் போன்ற ஒரு கட்டற்ற இயங்குதளத்துக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதற்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், 1989இல் வெளியானது. 1991இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர், பல்கலைக்கழகக் கணினியோடு வீட்டிலிருந்து தொடர்புகொள்ள ஒரு முனைய நிரல் எழுதினார். அது வளர்ந்துதான் லினக்ஸ் ஆயிற்று. அந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆகஸ்ட் 25 அன்று தன் முயற்சியை உலகுக்குச் சொன்னபோது, அதில் ஏற்கெனவே ஓடுவதாகக் குறிப்பிட்ட இரண்டு நிரல்களில் ஒன்று பாஷ்.

இந்த வரிசையில் நம் மலைக்கும் ஒரு பெயர் உண்டு. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய லினக்ஸ் ஒன்றுக்குக் கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தான மலையின் பெயரையே வைத்தார்கள். அதே ஹந்தானயில் பழைய ஸ்டோர் ஒன்று இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் மாடிகளைக் காட்டும்போது பைப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

இது மலையகத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொழுந்துக் கணக்கு. தோட்டத்தில் பறிப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். மடுவத்துத் தராசில் நிறுத்து, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழித்தபின் எழுதப்பட்டதே கணக்கு. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த எண்களெல்லாம் கூடிச் சேரும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு இருப்பது ஆபிசில். தேயிலையை வாங்கி விற்றவர்களோ தங்கள் கணக்கை எப்போதோ கணினியில் ஏற்றிவிட்டார்கள். லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம் லியோ என்ற கணினியைத் தானே கட்டி, 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அதில் ஓட்டியது. உலகில் அன்றாட வணிக வேலைக்கு ஓடிய முதல் கணினி அது. சில ஆண்டுகளில் சம்பளக் கணக்கும் தேயிலைக் கலவைக் கணக்கும் அதில் ஏறின.

லயத்தில் இருக்கும் மகள் இப்போது செய்யக்கூடியது இது. அம்மா வந்து சொல்லும் நிறையை நாளும் ஒரு வரியாக ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும்: திகதி, மலை, கடைசியில் கிலோ. மாத முடிவில் ஏழாம் நம்பர் மலையில் மட்டும் எத்தனை கிலோ பறித்தார் என்று பார்க்க வேண்டுமா? கிரெப் (grep) என்ற கட்டளை அந்த மலையின் வரிகளை மட்டும் பொறுக்கியெடுக்கும். ஒரு செங்குத்துக் கோடு. அடுத்து ஆக் (awk) என்ற கட்டளை கடைசிப் பத்தியைக் கூட்டிச் சொல்லும். அதிகம் பறித்த ஐந்து நாட்கள் வேண்டுமென்றால் சார்ட் (sort) கிலோவின்படி வரிசைப்படுத்தும், இன்னொரு கோடு, டெயில் (tail) கடைசி ஐந்து வரிகளை எடுத்துத் தரும். ஆபிஸ் தரும் சம்பளத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளிடம் சொந்தக் கூட்டல் இருக்கும். இதற்குப் புதுக் கணினி வேண்டாம். பிறர் கழித்துப்போட்ட பழைய மடிக்கணினியே தாராளம். நொடிக்குப் பத்து எழுத்து அச்சடித்த எந்திரத்துக்காகப் பிறந்த முறைக்கு அது மிகப் பெரிய கணினி.

இணையமும் கட்டாயமில்லை. மழைக்காலத்தில் சிக்னல் போய்விட்டாலும் மேன் (man) என்று அடித்து இடைவெளி விட்டு சார்ட் என்று அடித்தால், சார்ட்டின் கையேடு முழுவதும் திரையில் வரும். இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த பக்கம், க்யூவைத் தட்டினால் வெளியே. யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டது, தாம்சனும் ரிட்சியும் எழுதியது. பெயர், அடிக்கும் முறை, விளக்கம் என்று போகும் அதே அமைப்பு இன்றைய பக்கங்களிலும் இருக்கிறது. கையேடு ஆங்கிலத்தில்தான் வரும், ஆனால் வாக்கியங்கள் சின்னவை. திரும்பத் திரும்ப வரும் சொற்களும் கொஞ்சம்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடலாம். கிரெப், சார்ட், டெயில் மூன்றின் பக்கங்களையும் முதலில் முடித்துவிட்டு ஆக்குக்குப் போவது நல்லது, அதன் பக்கம் நீளம்.