நகரம், நெடுஞ்சாலை: காரின் எரிபொருள் சிக்கனத்தைச் சொல்லும் இரண்டு எண்களின் வரலாறு

ஒரு கார் நகரத்துக்குள் ஓடும்போது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தொலைவு செல்கிறது, நெடுஞ்சாலையில் ஓடும்போது எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைத் தனித்தனியே அளந்து அறிவிக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. பேச்சு வழக்கில் இதை 'மைலேஜ்' என்கிறோம். இந்தியாவில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், அமெரிக்காவில் கேலனுக்கு இத்தனை மைல் என்றும், ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றும் குறிப்பிடுவர். ஒரே காருக்கு இரண்டு எண்கள் தரும் முறை அமெரிக்காவில் 1970களில் நிலைபெற்றது. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன, ஏன் இருமுறை திருத்தப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு எண்கள் ஏன் தேவை?

எஞ்சின் செலவிடும் ஆற்றல் எங்கே போகிறது என்பது சாலையைப் பொறுத்தது. நகரத்தில் கார் அடிக்கடி நிற்கிறது, மீண்டும் வேகமெடுக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 116 கிலோஜூல். பிரேக் பிடித்தால் அவ்வளவும் வெப்பமாக வீணாகிறது. மீண்டும் அதே வேகத்தை எட்ட, எஞ்சினின் செயல்திறன் 20 விழுக்காடு என்று கொண்டால், சுமார் 18 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். பத்து சிக்னல்களில் நின்று புறப்பட்டால் 180 மில்லிலிட்டர் இதற்கே போய்விடும். சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் ஓடுவதால் தொலைவே கடக்காமல் எரிபொருள் எரிகிறது. எஞ்சின் சூடேறும் முன் ஓடும் முதல் சில கிலோமீட்டர்களிலும் செலவு கூடுதல்.

நெடுஞ்சாலையில் இந்த இழப்புகள் குறைவு. அங்கே எதிரி காற்றுத்தடை. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 90 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டராக உயர்ந்தால் காற்றுத்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. எனவே 'நெடுஞ்சாலை மைலேஜ்' என்று ஒரு எண்ணைச் சொன்னால், எந்த வேகத்தில் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கேள்விதான் பின்னாளில் பெரும் சிக்கலானது.

பந்தயங்களின் காலம்

அரசு அளப்பதற்கு முன் எரிபொருள் சிக்கனம் விளம்பரப் பொருளாகவே இருந்தது. 1936இல் கலிபோர்னியாவில் கில்மோர் என்ற எண்ணெய் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யோசெமிட்டி வரை ஒரு சிக்கன ஓட்டப் போட்டியை நடத்தியது. பின்னர் இது மொபில் நிறுவனத்தின் பெயரில் புகழ்பெற்று, போர்க்கால இடைவெளி தவிர 1968 வரை தொடர்ந்தது. தேர்ந்த ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரை மிக மென்மையாக மிதித்து ஓட்டிப் பெற்ற எண்கள் அவை. வீட்டிலிருந்து அலுவலகம் செல்பவருக்கு அவை கிடைக்கமாட்டா. அளக்கும் முறை ஒன்றாக இல்லாதவரை ஒரு காரை மற்றொரு காருடன் ஒப்பிடவும் வழியில்லை.

புகைமூட்டம் தந்த ஓட்டச் சுழற்சி

பொதுவான அளவுமுறை எரிபொருளைச் சேமிக்கும் நோக்கத்தில் தோன்றியதன்று. காற்றுமாசைக் கட்டுப்படுத்தவே தோன்றியது. 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. கார்கள் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இதை உண்டாக்குகின்றன என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் பிறகு காரின் புகையை ஆய்வகத்தில் அளக்க வேண்டியதாயிற்று.

அதற்காக லாஸ் ஏஞ்சலஸில் 'எல்.ஏ.-4' என்ற சாலைவழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் காரை ஓட்டி, நொடிக்கு நொடி வேகத்தைப் பதிவு செய்தனர். அந்தப் பதிவிலிருந்து 7.5 மைல் நீளமுள்ள ஒரு 'ஓட்டச் சுழற்சி' உருவாக்கப்பட்டது. ஆய்வகத்தில் கார் டைனமோமீட்டர் எனப்படும் உருளைகளின் மேல் நிற்கும். சக்கரம் சுழலும், கார் நகராது. ஓட்டுநர் திரையில் தெரியும் வேகக்கோட்டைப் பின்பற்றி ஓட்டுவார். அக்கால உருளைகளில் சக்கரம் வழுக்கும் என்பதால், வேகமெடுப்பு நொடிக்கு 3.3 மைல்/மணி என்ற எல்லைக்குள் அடக்கப்பட்டது. உண்மையான சாலையில் மனிதர்கள் இதைவிட வேகமாக மிதிப்பர். அன்றைய கருவியின் குறை சுழற்சிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

1970 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தோன்றியது. இந்தச் சுழற்சி 1972ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அதிகாரபூர்வச் சோதனையானது. 1975இல் அது நீட்டிக்கப்பட்டு 11 மைல் தொலைவும் 31 நிமிட நேரமும் கொண்டதாக மாறியது. சராசரி வேகம் மணிக்கு 21.2 மைல், அதாவது 34 கிலோமீட்டர். இடையில் 23 முறை கார் நிற்கும். இதுவே இன்றும் 'நகரச் சோதனை'.

புகையை அளந்தவர்களுக்கு எரிபொருள் கணக்கும் எளிதில் கிடைத்தது. பெட்ரோலில் உள்ள கார்பன் எங்கும் மறைவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவோ கார்பன் மோனாக்சைடாகவோ எரியாத ஹைட்ரோகார்பனாகவோ புகைக்குழாய் வழியே வெளிவருகிறது. வெளிவந்த கார்பனைக் கூட்டினால் எரிந்த பெட்ரோலின் அளவு தெரிந்துவிடும். இதைக் 'கார்பன் சமநிலை முறை' என்பர்.

எண்ணெய் நெருக்கடியும் நெடுஞ்சாலை எண்ணும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதித் தடையை அறிவித்தன. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. அதுவரை கவனிப்பார் இல்லாத எரிபொருள் கணக்கு நாட்டின் முதன்மைக் கவலையானது.

1974 ஜனவரி 2 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன், நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சூழலில்தான் நெடுஞ்சாலைச் சோதனை உருவானது. அதன் நீளம் 10.26 மைல், நேரம் 765 நொடி, சராசரி வேகம் 48.3 மைல், உச்சவேகம் 60 மைலுக்குச் சற்றுக் குறைவு. தொடங்கியபின் இறுதிவரை கார் நிற்பதில்லை. ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கும். 1975ஆம் ஆண்டு மாடல்களுக்கு நகரம், நெடுஞ்சாலை என இரண்டு எண்களும் வெளியாயின.

1975 டிசம்பரில் எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. புதிய காரில் எரிபொருள் சீட்டு ஒட்டுவதை அது கட்டாயமாக்கியது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி, 1978இல் கேலனுக்கு 18 மைலாகவும் (லிட்டருக்கு 7.7 கி.மீ.) 1985இல் 27.5 மைலாகவும் (11.7 கி.மீ.) உயரவேண்டும் என்றும் விதித்தது.

இரண்டு எண்களை ஒன்றாக்க நகரத்துக்கு 55 விழுக்காடு, நெடுஞ்சாலைக்கு 45 விழுக்காடு என்று எடை தரப்பட்டது. இங்கே சாதாரணச் சராசரி பொருந்தாது. இசைச் சராசரியே சரி. நகரத்தில் 10 கி.மீ., நெடுஞ்சாலையில் 15 கி.மீ. தரும் கார் 100 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். நகரத்தின் 55 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர், நெடுஞ்சாலையின் 45 கிலோமீட்டருக்கு 3 லிட்டர், மொத்தம் 8.5 லிட்டர் செலவாகும். ஆகவே சராசரி 11.8 கி.மீ. சாதாரணமாகக் கணக்கிட்டால் 12.25 என்று வரும். அது காரை உள்ளதைவிடச் சிக்கனமாகக் காட்டும்.

சீட்டு சொன்னதும் சாலை தந்ததும்

சீட்டிலுள்ள மைலேஜ் கிடைக்கவில்லை என்ற முறையீடு விரைவில் எழுந்தது. விளம்பரங்களில் 'உங்களுக்குக் கிடைக்கும் மைலேஜ் மாறுபடலாம்' என்ற எச்சரிக்கை வரி இடம்பெற்றது. அந்த வரி அமெரிக்கப் பேச்சில், கார் தொடர்பில்லாத இடங்களிலும், 'அவரவர் அனுபவம் வேறாக இருக்கலாம்' என்ற பொருளில் மரபுத்தொடராகிவிட்டது.

முதல் திருத்தம் 1985 மாடல்களுக்கு வந்தது. சோதனை மாறவில்லை. சோதனையில் கிடைத்த நகர எண்ணில் 10 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்ணில் 22 விழுக்காடும் கழித்துச் சீட்டில் அச்சிட்டனர். நெடுஞ்சாலை எண்ணில் கூடுதலாகக் கழித்தது, பிழை எங்கே அதிகம் என்பதைக் காட்டுகிறது.

பின்னர் சாலையே மாறியது. 1987இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டது. 1995இல் தேசிய வேக வரம்பே நீக்கப்பட்டது. மக்கள் 70 மைல் வேகத்தில் ஏ.சி.யுடன் பயணம் செய்ய, சோதனையோ 1974இன் வேகத்திலேயே நின்றது.

இரண்டாம் திருத்தம் 2008 மாடல்களுக்கு வந்தது. மேலும் மூன்று சோதனைகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒன்றில் கார் 80 மைல் வேகம் வரை சென்று கடுமையாக வேகமெடுக்கும். மற்றொன்றில் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏ.சி. இயங்கும். மூன்றாவதில் கடுங்குளிரில், -7 டிகிரியில், வண்டி கிளப்பப்படும். இந்த ஐந்து சோதனை முறையால் நகர எண்கள் சராசரியாக 12 விழுக்காடும் நெடுஞ்சாலை எண்கள் 8 விழுக்காடும் குறைந்தன. டொயோட்டா பிரியஸ் காரின் நகர எண் 60 மைலிலிருந்து 48ஆகவும், நெடுஞ்சாலை எண் 51இலிருந்து 45ஆகவும் இறங்கியது. காரில் எந்த மாற்றமும் இல்லை. அளக்கும் கோல்தான் மாறியது.

ஆனால் நிறுவனங்களின் சராசரியைக் கணக்கிடும் சட்டம் 1975ஆம் ஆண்டின் சோதனை முறையையே பயணியர் கார்களுக்குத் தொடர்ந்து கோருகிறது. அதனால் ஒரே காருக்கு, வாங்குபவர் பார்க்கும் எண் ஒன்றாகவும் நிறுவனம் சட்டத்துக்குக் காட்டும் எண் அதைவிடக் கணிசமாக உயர்ந்ததாகவும் இருக்கிறது.

அளப்பவர் யார்?

பெரும்பாலான சோதனைகளை நிறுவனங்களே செய்கின்றன. முகமை அவற்றில் ஒரு பகுதியை மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் உள்ள தன் ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கிறது. உருளைகள் மீது எவ்வளவு தடையை வைப்பது என்பதை அறிய, காரைச் சாலையில் வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, அது தானாக வேகம் குறைவதை அளப்பர். இந்த அளவு பிழையானால் எல்லா எண்களும் பிழையாகும். 2012 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் பல மாடல்களில் இவ்வாறு மிகைப்படுத்திய எண்கள் கண்டறியப்பட்டன. சீட்டுகள் திருத்தப்பட்டன, உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. 2014இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டில் 10 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் 1980இன் நெறிமுறைப்படி மூன்று எண்கள் தரப்பட்டன: நகரச் சுழற்சி, சீரான 90 கி.மீ. வேகம், சீரான 120 கி.மீ. வேகம். 1990களில் நகரம், நகருக்கு வெளியே என்ற இரு பகுதிகள் கொண்ட சுழற்சி வந்தது. அது மிக மென்மையானது, சாலையோடு ஒட்டாதது என்ற குறை வலுத்ததால், 2017 செப்டம்பர் முதல் உலகளவில் ஒத்திசைந்த புதிய சோதனை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பயன்பட்டுவந்த சுழற்சியும் பழைய ஐரோப்பியச் சுழற்சியைத் தழுவியதே. ஆனால் உச்சவேகம் 120க்குப் பதில் 90 கி.மீ. நம் வாகன விளம்பரங்களில் 'ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்' என்று ஒரே எண் வருவதால், நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவரே ஊகிக்க வேண்டியுள்ளது.

தலைகீழான ஒப்பீடு

ஹைப்ரிட் கார்களும் மின்கார்களும் பழைய பாடத்தைப் புரட்டிவிட்டன. இவை பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கின்றன. நிற்கும்போது எஞ்சின் ஓடுவதில்லை. நகரத்தின் இழப்புகள் குறைகின்றன. நெடுஞ்சாலையின் காற்றுத்தடையோ அப்படியே நிற்கிறது. 33.7 கிலோவாட்-மணி மின்சாரம் ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமம் என்ற கணக்கில், 2011ஆம் ஆண்டின் நிசான் லீஃப் மின்கார் நகரத்தில் 106 மைலும் நெடுஞ்சாலையில் 92 மைலும் பெற்றது. நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் கூடும் என்ற நாற்பதாண்டு நம்பிக்கை இங்கே செல்லாது.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. 10,000 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காருக்கு 1,000 லிட்டர் வேண்டும், 15 கி.மீ. தரும் காருக்கு 667, 20 கி.மீ. தரும் காருக்கு 500. முதல் ஐந்து கி.மீ. உயர்வு 333 லிட்டரை மிச்சப்படுத்துகிறது. அடுத்த ஐந்து 167 மட்டுமே. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாரிக், சோல் ஆகியோர் இந்த மயக்கத்தை 2008இல் எடுத்துக்காட்டினர். 2013 மாடல்கள் முதல் அமெரிக்கச் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சிடப்படுகிறது.

முடிவுரை

நகர எண் ஒரு நகரத்தின் புகைமூட்டத்திலிருந்தும், நெடுஞ்சாலை எண் ஓர் எண்ணெய்த் தடையிலிருந்தும் பிறந்தன. இரண்டும் ஒரு குறிப்பிட்ட காலத்தின் சாலையையும் கருவியையும் வேகத்தையும் தம்முள் கொண்டவை. சாலை மாறியபோதெல்லாம் எண்கள் பின்தங்கின; பின்தங்கியபோது வாங்குபவர் பெட்ரோல் நிலையத்தில் அதன் விலையைக் கொடுத்தார். ஒரே சோதனைக்கு உட்பட்ட இரு கார்களை ஒப்பிட இந்த எண்கள் நன்கு பயன்படும். அவற்றையே தன் காரின் மைலேஜ் என்று கொள்வதற்கு முன், எந்தச் சோதனையில், எந்த வேகத்தில், ஏ.சி.யுடனா இல்லாமலா என்று கேட்டறிவது நல்லது.