அலைபேசிக்கும் அம்மாவுக்கும் நடுவே

அரூர் பக்கம் மலையேறினால் சித்தேரி. அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஒருவர், நம்மூர் சிம்மோடு விமானத்தை விட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை ஆன் செய்ததும் ஊரிலிருந்து அம்மா கூப்பிடுகிறார். மணி அடிக்கிறது. எப்படி?

அங்குள்ள நிறுவனம், 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்று இந்தியாவைக் கேட்கும். 'நம்ம பையன்தான், கணக்கில் எழுதிக்கோ' என்று பதில் போகும். இதுதான் ரோமிங். 1987-ல் கோபன்ஹேகனில் 13 நாடுகள் ஒரே தொழில்நுட்பத்துக்குக் கையெழுத்துப் போட்டன. 1992-ல் பின்லாந்து, பிரிட்டன் நிறுவனங்கள் முதல் ரோமிங் ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சே 1995 ஜூலை 31-ல்தான்!

சரி, காசு யார் தலையில்? அம்மாவுக்கு உள்ளூர்க் கட்டணம்தான். மகன் கடல் தாண்டியது அவர் போனுக்குத் தெரியாதே! மிச்சச் செலவு மகனுக்கு. பெற்றவள் கூப்பிட்டும் எடுக்காமல் 'கட்' பண்ணிய பிள்ளைகள் எத்தனை பேரோ! கல் நெஞ்சம் இல்லை ஐயா, பில் பயம்.

இத்தனைக்கும் கடல் நமக்குப் புதுசல்ல. 1871-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குத் தந்தி போனது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது.

இன்று வைஃபை இருந்தால் முகம் பார்த்தே பேசலாம், ரோமிங் செலவில்லாமல். ஆனால் ஒன்று. கடலுக்கடியில் எத்தனை கேபிள் கிடந்தென்ன? மலைமேல் அம்மா கையில் சிக்னல் இருந்தால்தான் அந்த 'சாப்பிட்டியாப்பா?' கடல் தாண்டும்.